கூடத்தில் மாட்டிய சிவத்த பெண்

அக்கா,

நம் வீட்டுக் கூடத்தில் யாரோ ஒரு பெண்ணை மாட்டியிருக்கிறார்கள். நல்ல சிவப்பு. ரோஜா நிற உதடு. காதில் கல் வைத்த ஜிமிக்கி. பின்னால் நீல வானம், அதில் இரண்டு வெள்ளைப் புறா. படத்துக்குக் கீழே உன் பெயர், நீ பிறந்த நாள், நீ போன நாள். தேதிகள் இரண்டும் சரி. மற்றதெல்லாம் பொய்.

போன மாதம் திருவதிகை மாமா காலை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். சுற்றியிருந்த செய்தித்தாளைப் பிரித்ததும் புது லேமினேஷன் வாசனை குப்பென்று அடித்தது. நீ வரைந்த படத்தைப் பிரித்தால் லின்சீட் எண்ணெயும் டர்பன்டைனும் அடிக்கும். அம்மா ஓடிப்போய் ஜன்னலைத் திறப்பாள், நான் மூச்சை இழுத்துக்கொள்வேன். இதற்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

"எப்புடிகீது பாப்பா? பண்ருட்டி ஸ்டுடியோக்காரன் புதுசா கம்ப்யூட்டரு வாங்கிகினு வந்து வெச்சிகிறான். உங்க அக்காவ ராணி மாதிரி பண்ணிட்டான் பாரு."

"ராணி நல்லாத்தான் இருக்காங்க மாமா. அக்கா எங்க?"

மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. காலமெல்லாம் விளையாட்டுத்தனமாகப் பேசியதற்குத் தண்டனை இதுதான். கோபமாகப் பேசினாலும் ஊர் சிரிக்கிறது.

அந்த வார ஞாயிறு மாதா கோயிலில் உனக்கு முதல் ஆண்டுப் பூசை இருந்தது. பூசை முடிந்து எல்லாரும் நம் வீட்டுக்கு வருவார்கள். அவளுக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், அவளுக்கு மாலை போடுவார்கள், அவளைப் பார்த்து அழுவார்கள். அவளுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம்? சுரங்க ஆபீஸ் பாஷையில் சொன்னால், உன் நிறம் பர்மனென்ட். இவள் நிறம் கான்ட்ராக்ட். யாரைக் கேட்டு ஆளை மாற்றினார்கள்?

மற்ற வீட்டில் நடந்திருந்தால் நான் இவ்வளவு கொதித்திருக்க மாட்டேன். முகம் போடுவதையே வேலையாக வைத்திருந்தவள் நீ. உனக்கே இப்படி!

க்வார்ட்டர்ஸுக்குப் பின்னால் அப்பா சைக்கிள் நிறுத்தப் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைதான் உன் ஸ்டுடியோ. வெளிச்சம் நாள் முழுக்க ஒரே மாதிரி விழ வேண்டும் என்று வடக்குப் பக்கத் தட்டியைக் கழற்றிவிட்டாய். மழைக்காலத்தில் தண்ணீரும் ஒரே மாதிரி விழுந்தது. அப்பா சைக்கிள் வேப்பமரத்தடியில் நனைந்துகொண்டு நின்றது. அவர் ஷிப்ட் முடிந்து வந்து சீட்டைத் துடைத்துவிட்டு, தட்டி இருந்த இடைவெளி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

யாராவது ஓய்வு பெற்றால், கடைசி நாளில் கூட வேலை செய்தவர்கள் மாலை போட்டு, ஜீப்பில் ஏற்றி, வீடு வரை கொண்டுவந்து விடுவார்களே, அப்போது கையில் ஒரு படம் கொடுக்க வேண்டும். அந்தப் படம் நீ போட்டதாக இருக்க வேண்டும். ஓய்வு பெற்றவரெல்லாம் உன்னிடம் ஓவியம் பெற்றவர்தான். ஆனால் அவர்கள் கொண்டுவருவது தபால்தலை அளவு போட்டோ, கழுத்துக்கு மேலே மட்டும். உடம்புக்கு? நான் இருந்தேனே! அப்பாவின் வெள்ளைச் சட்டையை மாட்டிவிட்டு, முட்டியில் கை வைத்து உட்கார வைத்துவிடுவாய். பம்பு பிரிவு, பட்டறை, கன்வேயர் என்று இந்த ஊரில் எத்தனையோ பேர் கழுத்துக்கு மேலே அவரவர். கழுத்துக்குக் கீழே நான். "தோள விரிடி, நீ ஃபோர்மேன்" என்பாய். "ஃபோர்மேனுக்கு முதுகு அரிக்குது" என்பேன்.

"உங்களுக்கு இதெல்லாம் எப்படிம்மா மனசுல தோணுது?" என்று பங்குச் சாமியார் ஒருமுறை கேட்டார். "தோணாது ஃபாதர். தோண்டணும்" என்றாய். சுரங்க ஊரில் சொல்ல வேண்டிய பதில்தான். ஆனால் நீ தோண்டுவது எப்படி என்று எனக்குத்தான் தெரியும். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா வந்தாரே, இறந்துபோன கணவரின் போட்டோவோடு. நீ கரித்துண்டைக் கையிலேயே எடுக்கவில்லை.

"உங்கள எப்படித் திட்டுவாரு?" என்று கேட்டாய்.

"ஐயய்ய, திட்டவே மாட்டாருங்க. தங்கமான மனுசன்."

நீ காத்திருந்தாய். நான் டீ கொண்டுவந்து கொடுத்தேன். தங்கமான மனுசன் அரைமணி நேரம் தங்கமாகவே இருந்தார். அப்புறம் அந்த அம்மா மெல்ல ஆரம்பித்தார். "ஒருநாளு வூட்டு சாவிய தொலச்சிட்டேங்க. ‘ஏ கூறுகெட்டவளே, உன் தலய கயட்டி கையில குட்தாகூட அத்தையும் எங்கியாச்சும் வெச்சிட்டு தேடிகினு நிப்ப’ன்னாரு." அதைச் சொல்லும்போது கணவரைப் போலவே அந்த அம்மாவின் இடது புருவம் மட்டும் தூக்கிக்கொண்டது. உடனே சிரித்தார். சிரித்துக்கொண்டே முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

"அந்தப் புருவம்" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கரியைக் கையில் எடுத்தாய். போட்டோவில் அந்தப் புருவம் இல்லை. நீ போட்ட படத்தில் இருந்தது. படத்தை வாங்க வந்த அன்று அந்த அம்மா இரண்டு அடி பின்னால் போய், "இந்தா, இப்ப வைவாரு பாரு" என்றார்.

கறுப்பைக் குறைத்துப் போடச் சொல்லி வந்தவர்களோடு நீ போட்ட சண்டைகளைச் சொல்லவா? "அப்பாவுக்குக் கொஞ்சம் கலர் ஏத்திப் போடுங்க, பளிச்சுனு இருக்கட்டும்" என்று ஒருவர் வந்தார். "முப்பது வருஷம் மைன்ஸ் வெயில்ல நின்னு சம்பாதிச்ச கலருங்க அது. நான் யாரு எறக்கி வெக்க?" என்று கேட்டாய். அவர் விடவில்லை. நான் உள்ளே போய் அம்மாவின் பவுடர் டப்பாவைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். "அக்கா முடிச்சதும் நீங்களே பூசி விட்டுடுங்கண்ணே." அன்றைக்கு நீ என் தலையில் குட்டினாய். ஆனால் குட்டும்போது உனக்குச் சிரிப்பு வந்ததை நான் பார்த்துவிட்டேன்.

கடையில் வாங்கும் பெயின்ட் ட்யூபில் நம் ஊர்க்காரர்களின் கன்னத்து நிழல் வரவே இல்லை என்று ஒரு மாதம் புலம்பினாய். வேலை ஓடவில்லை. கொட்டகையைப் பெருக்குவாய், தூரிகையைக் கழுவுவாய், சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாய். ஒருநாள் வடக்குத்து ரோட்டில் லாரியிலிருந்து விழுந்த பழுப்பு நிலக்கரிக் கட்டியோடு திரும்பி வந்தாய். அம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவளுடைய அம்மியிலேயே அரைத்தாய். எண்ணெய் விட்டுக் குழைத்துப் பூசியதும் நீயே பயந்துபோனாய். அவ்வளவு சரியாக இருந்தது அந்தப் பழுப்பு. ஒன்றே ஒன்றுதான் கோளாறு, அது காயவில்லை. மூன்று வாரமாகியும் காயவில்லை. விழா நாளில் ஓய்வு பெற்றவருக்குப் போட்ட மாலை படத்தின் மேல் சாய்ந்து, இரண்டு கன்னத்திலும் சாமந்தி இதழ் ஒட்டிக்கொண்டது. உனக்கு அழுகை முட்டியது. அவரோ கையைத் தட்டிச் சிரித்தார். "உடும்மா! மைன்ஸ் தூசி என் மூஞ்ச உடாம ஒட்டிகினு இருந்திச்சு. படத்துலயும் ஒட்டுதுன்னா படம் சரியாத்தான் கீது!"

ஒரு கன்னத்துக்காக அம்மியைக் கெடுத்து, அம்மாவிடம் ஒரு வாரம் திட்டு வாங்கியவள் நீ. உன் கன்னத்தை எவனோ ஒருவன் நின்ற நிலையில் வெளுத்துவிட்டான்.

மாமா போனபிறகு அம்மாவிடம் சண்டைக்குப் போனேன்.

"அத கழட்டும்மா. அது அக்கா இல்ல."

அம்மா புடைத்துக்கொண்டிருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நாந்தான் மாமாகிட்ட சொன்னேன், கொஞ்சம் செவப்பா போடச் சொல்லுன்னு."

"ஏம்மா?"

"பொண்ணு பாக்க இந்த வூட்டுக்கு வந்து காபி குடிச்சிட்டுப் போனவன்லாம் என்ன சொன்னான்? பொண்ணு நல்லா வரையுது, நெறந்தான் கம்மி. நாலு தரம் கேட்டேன் அத. இனிமே எவன் சொல்லுவான்?"

"இனிமே நாமதாம்மா சொல்றோம். ஆணியடிச்சு மாட்டிச் சொல்றோம்."

அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். அந்த நாலு பேரில் கடைசியாக வந்தவனை ஞாபகம் இருக்கிறதா? உன் கையைப் பார்த்து, "பெயின்ட்ட கழுவுனா கலர் வந்துடுமா?" என்று கேட்டானே. அவன் காபி குடித்து முடிப்பதற்குள் அவனுடைய ஷூ இரண்டிலும் ஒரு முழு ட்யூபைப் பிதுக்கி வைத்தேன். வாசலில் ஷூவை மாட்டியவன் கார் வரை குதிகாலில் நடந்து போனான். "நல்ல ட்யூப் வீணாப்போச்சேடி" என்றுதான் நீ திட்டினாய். அவன் இன்றைக்கும் எங்கேயோ சௌகரியமாக இருக்கிறான். நீ பத்தொன்பது நாள் மஞ்சள் காமாலையில் படுத்து இருபத்தாறு வயதில் போய்விட்டாய். அம்மா இன்னும் அவனுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறாள், ஜிமிக்கி போட்ட ஒரு படத்தைக் காட்டி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது அதனால்தான்.

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பண்ருட்டி பஸ் ஏறினேன். ஸ்டுடியோக்காரருக்கு வயது முப்பது இருக்கும். மாமா கொண்டுவந்த படத்தைப் பற்றிச் சொன்னேன்.

"இன்னாம்மா, படம் புடிக்கலியா?"

"படம் புடிச்சிருக்குங்க. ஆள்தான் புடிபடல. யாருங்க அவங்க?"

"எல்லாத்துக்கும் இப்டித்தான்மா பண்றது. போட்டோவ உள்ள போட்டா கை தானா அங்க பூடும். கலர் ஏத்து, நகை போடு, பொறா பறக்க உடு."

"வீட்ல ஒரு வார்த்தை கேக்க மாட்டீங்களா? எப்படிப் பேசுவாங்க, எப்படித் திட்டுவாங்கன்னு?"

"திட்டறத கேட்டு நான் இன்னாம்மா பண்றது?" அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "கறுப்பா போடுன்னு இதுவர யாரும் சொன்னதில்ல. நீதான் மொதல்ல வந்து நிக்கற."

நான் நகரவில்லை. அவர் பெருமூச்சு விட்டுவிட்டு மாமா கொடுத்திருந்த பழைய போட்டோவைக் கம்ப்யூட்டரில் திறந்தார். திரையில் நீ வந்தாய். ஓவியக் கண்காட்சி விண்ணப்பத்துக்கு எடுத்த போட்டோ. கூந்தலில் செருக மறந்து வெளியே நிற்கும் நாலு முடி. காது மடலில் நீலப் பெயின்ட். போட்டோ எடுத்தவர் "சிரிங்க" என்று சொல்லியிருப்பார். அவருக்குப் பதில் சொல்ல வாய் திறக்கப் போகும் நேரம். அந்தக் கறுப்பு! கண்ணுக்குக் கீழே ஒரு கறுப்பு, தாடையில் ஒரு கறுப்பு, நெற்றியில் வெளிச்சம் பட்டு வழுக்கிப் போகும் ஒரு கறுப்பு. அந்த ஆளும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எதையும் தொடாமல் பெரிய அளவில் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

ஜெயித்துவிட்டேன் என்ற திமிரோடு வீட்டுக்கு வந்து அம்மா மடியில் அதை வைத்தேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். காது மடலை விரலால் தொட்டாள், பெயின்ட்டைத் துடைத்துவிடுவதுபோல.

"இது அவதான்" என்றாள்.

"மாட்டலாமா?"

"வேணான்டி."

"ஏம்மா? இன்னுமா நெறம் கம்மின்னு..."

"அந்தப் பொண்ணுக்கு மால போட முடியுது என்னால." அம்மா கூடத்துப் பக்கம் தலையை ஆட்டினாள். "அவ யாரோ. இவளுக்கு எப்படிடி போடுவேன்? இவ இப்ப வாயத் தொறந்து என்னைக் கூப்புடுவா போல இருக்கா."

அம்மா உன்னைப் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டினாள். ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிவத்த பெண்தான் மாலை வாங்கிக்கொண்டாள். வந்தவர்கள் எல்லாரும் "அப்படியே இருக்கா" என்றார்கள். அப்படியேவாம்! நான் நாக்கைக் கடித்துக்கொண்டு வடையைப் பரிமாறினேன். அம்மா மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. மற்றவர்கள் மேல் போகவில்லை. ஒரு தாய், பெற்ற பெண்ணின் முகத்தை ஒளித்து வைத்தால்தான் மாலை போட முடிகிறது. நிறத்தைப் பற்றிக் காபியோடு பேசிவிட்டுப் போனவர்களுக்கு வேறொரு முகத்தைக் காட்ட வேண்டியிருக்கிறது. அந்தத் துக்கத்தையும் இந்தப் பேச்சையும் ஒரே ஆணியில் தொங்கவிட்டுவிட்டு, அழகாக இருக்கிறாள் என்கிறார்கள்.

போன வாரம் பிளஸ் டூ ஹால் டிக்கெட்டுக்குப் போட்டோ எடுக்க வேண்டியிருந்தது. டவுன்ஷிப்பிலேயே எடுத்திருக்கலாம். பண்ருட்டிக்குத்தான் போனேன். அந்த ஆள் என்னைக் கண்டதுமே கம்ப்யூட்டர் மேலிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். "தொடலம்மா, தொடல!" என் போட்டோவை எடுத்துத் திரையில் பார்த்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "நீ அவங்க தங்கச்சியா? அன்னிக்கி கவனிக்கல. அந்தப் பார்வையே கீது."

நீ இருந்தவரை ஒருவர்கூட இதை என்னிடம் சொன்னதில்லை. எத்தனை பேருக்கு உடம்பாக உட்கார்ந்தேன்! முகம் உன்னுடையது என்று எனக்கே தெரியாமல் போயிற்று. அதைத்தான் இப்போது தூக்கிக்கொண்டு திரிகிறேன் அக்கா, வெயிலில், பவுடர் இல்லாமல்.

அவர் ஆறு பிரதி கொடுத்தார். மேசைமேல் உறையோடு வைத்திருந்தேன். இன்றைக்கு எடுத்து எண்ணினால் ஐந்துதான் இருக்கிறது. அம்மா பூசைக்குக் கொண்டுபோகும் சின்னப் பர்ஸை இரண்டு நாளாக எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் திறக்கிறாள். மிச்சம் ஐந்தையும் உறையில் போட்டு அதே மேசைமேல் வைத்துவிட்டேன்.