முதுகில் ஒரு குழாய்

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உன் மூட்டுவலி குறைந்ததா? உன் மகனுக்கு இப்படி ஆகுமென்று ஆபரேஷனுக்கு முன்பே பெரிய டாக்டரிடம் சொன்னேன், மனிதர் அசந்துவிட்டார்.

நெஞ்சிலுள்ள பெரிய ரத்தக்குழாயைச் சரிசெய்தபோது முதுகுத்தண்டுக்குச் சற்று நேரம் ரத்தம் போகவில்லையாம். நரம்புகள் வாடி, இரண்டு காலும் மரத்து அசையாமல் போய்விட்டன. இப்போது முதுகில் மெல்லிய குழாய் வைத்து, தண்டை நெருக்கும் நீரைச் சொட்டுச்சொட்டாக வடிக்கிறார்கள். நான் துணைக்கு இருக்கிறேன். நானில்லாமல் நான் வேலைபார்க்கும் கிடங்கில் ஒரு பெட்டிகூட நகரவில்லையாம்.

நேற்றுக் கட்டிலருகே உள்ள திரையில் அவனுடைய பிரஷர் எகிறியிருந்தது. உடனே குறைக்கச் சொல்லி வார்டையே அதிரவைத்தேன். நர்சம்மா ஓடிவந்தார்.

"ஐயா, நாங்கதான் மருந்து குடுத்து ஏத்தி வச்சிருக்கோம். அது எறங்கினா தண்டுக்கு ரத்தம் பத்தாது. சும்மா உக்காருங்க."

"மாமா, நீங்க டாக்டருக்குப் படிச்சது போதும்," என்று உன் மகன் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அவன் வலது கால் கட்டைவிரல் அசைந்தது.

அவனுடைய பழைய பருத்திப் போர்வையை அனுப்பு. உன் குரலையும் போனில் பதிவுசெய்து அனுப்பு. என் பேச்சு அவனுக்குச் சலித்துவிட்டது, எனக்கும்தான்.

பார்வையாளர் நேரம் முடிந்துவிட்டது, என்னை வெளியே போகச் சொல்கிறார்கள். அக்கா, விரல் அசைந்ததாக எழுதியது நானாகச் சேர்த்தது. இன்னும் அசையவில்லை. முடிந்தால் புறப்பட்டு வா. தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தைரியமில்லை.