தம்பிக்குக் கொடுத்தனுப்பிய வெல்லம்

என் பாஸ்கர் கண்ணுக்கு,

நீ கண்ணை மூடிய பிறகு உன் பெண்டாட்டி உன் இடத்துக்கே வேலைக்குப் போகிறாள். ஆம்பூரில் அதே தொழிற்சாலை, நீ தோல் தேய்த்த அதே பஃபிங் மிஷின். எட்டு மாதம் ஆகிறது. இதை உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் எழுதவில்லை. போன வாரத்திலிருந்து செல்வி இருமுகிறாள். உன் இருமலேதான், அதே வறட்டு இருமல். எனக்குப் பயமாக இருக்கிறதடா.

நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்தாள். இமை முடியில்கூடத் தோல் தூள். முகம் கழுவுவதற்கு முன்பே கையை நீட்டினாள்.

"அண்ணி, வெல்லம் ஒரு துண்டு குடுங்க. தொண்டையெல்லாம் தூளு."

"வெல்லம் தின்னா இன்னா ஆவும் செல்வி?"

"தூளெல்லாம் கீழ எறங்கிடும்ல? அவரு தெனம் சாப்ட்டாரே. மாஸ்க் போட்டா வேர்க்குதுன்னு கழட்டிட்டு இதத்தான் வாயில போட்டுக்குவாராம். 'எங்க அக்கா சயின்ஸ் டீச்சரு, அவங்களே டப்பால வச்சு அனுப்புறாங்க'ன்னு எல்லாருகிட்டயும் சொல்வாராம்."

நிஜமாகவே அப்படிச் சொன்னாயா? என்னை நம்பியா மாஸ்க்கைக் கழற்றினாய்?

நேற்று காலையில்தான் ஒன்பதாம் வகுப்பில் செல்கள் பாடம் நடத்தினேன். எத்தனையோ வருடமாகப் போர்டில் வரைகிற படம். மூச்சுக்குழாயின் உட்சுவரில் வரிசையாக நிற்கும் செல்கள், ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய குறு இழைகள். பக்கத்துச் செல் சுரக்கிற சளியில் தூசி ஒட்டிக்கொள்ளும், இழைகள் அதைத் தொண்டைப் பக்கம் தள்ளிவிடும். ஓயாமல் பெருக்குகிற வேலை. அதனால்தான் சக்தி கொடுக்கிற மைட்டோகாண்ட்ரியா அந்தச் செல்லுக்குள் நிறைய இருக்கிறது.

அதையும் தாண்டி உள்ளே போனால் காற்று நுண்ணறை. காற்று இரத்தத்தில் கலக்க வேண்டும் என்பதால் அங்கே செல்கள் தட்டையாக, அவ்வளவு மெல்லியதாக இருக்கும். பெருக்கித் தள்ளக் குறு இழை கிடையாது. உனக்கு அங்கேதான் தழும்பேறித் தடித்துப்போனது. வேலூரில் டாக்டர் உன் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தபோது, அவர் வாய் திறப்பதற்குள் எனக்குப் புரிந்துவிட்டது.

வெல்லம் போவது உணவுக்குழாயில். தூள் போவது மூச்சுக்குழாயில். சின்னப் பிள்ளைக்கும் தெரியும், எனக்குத் தெரியாதா? ஊரில் மிஷின் வேலைக்குப் போகிற எல்லோருக்கும் வீட்டில் கொடுத்தனுப்புகிறார்கள், நானும் அனுப்பினேன். "இன்னாக்கா, வெல்லம் கம்மியா இருக்குது?" என்று நீ கேட்டால், மறுநாள் கூடவே ஒரு கட்டி வைத்தேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொன்னவள் உனக்கு ஏன் சொல்லவில்லை?

கேள், இதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. நேற்றும் கொடுத்தேன். அவள் கேட்டாள், என் கை டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்துவிட்டது. உண்மையைச் சொன்னால் உனக்குச் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தானே சொல்ல வேண்டும்? அப்புறம் அவள் என் முகத்தில் விழிப்பாளா? துணிமணியை எடுத்துக்கொண்டு அவள் போய்விட்டால் இந்த வீட்டில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

தூசி நின்றால் குறு இழைகள் திரும்ப முளைக்கும். நுண்ணறை தழும்பேறிவிட்டால் திரும்பாது. அவளுக்கு எது வரைக்கும் போயிருக்கிறது? தெரியவில்லையே பாஸ்கர், உள்ளே பார்க்க முடியவில்லையே.

நாளைக் காலை அவள் ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாசலை மறித்து நிற்பேன். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று சொல்லிவிடுவேன். வேலூருக்கு அழைத்துப் போவேன். வர மாட்டேன் என்றால், நான் வயதில் பெரியவள் என்று பார்க்காமல் அவள் காலில் விழுவேன். இது உன்மேல் சத்தியம். அவள் என்னை வெறுக்கட்டும்டா. ஆயுசு முழுக்க மூச்சு விட்டுக்கொண்டு வெறுக்கட்டும்.

உனக்குச் சொல்லாமல் விட்ட பாவி,
உன் கூடப்பிறந்த அக்கா