மஞ்சள் டேப்

மன்னவனூர்,
14.7.1986

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சண்முகசுந்தரி எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக எனக்குக் கை வரவில்லை. சவுதியில், தம்மாமில் வெயில் கடுமை என்று எழுதியிருந்தீர்கள். ஒர்க்‌ஷாப்பில் நிழலில் வேலை பார்க்க விடுகிறார்களா?

ஆனி பிறந்த வாரத்தில் கிளாவரையில் மாயாண்டியின் மனைவி வீரம்மாவுக்கு இடுப்பு வலி கண்டது. வெள்ளனே ஆள் வந்து சொல்லவும், அப்பா ஆஸ்பத்திரியின் அந்த வெளிநாட்டு வேனை எடுத்துக்கொண்டு போனார். கொடைக்கானலுக்குக் கொண்டு போகும்போது, பூம்பாறைக்கு முந்தின ஏற்றத்தில் வண்டி குலுங்கி நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தால் பிடிக்கிறது, காலை எடுத்தால் அணைகிறது. மழை வேறு. உருளைக்கிழங்கு லாரி ஒன்று வந்து ஏற்றிக்கொண்டது. ஆனால் கொடைக்கானல் போய்ச் சேரும் முன்பே வீரம்மா போய்விட்டாள், பிள்ளையும் வயிற்றோடு போய்விட்டது. என்னோடு தையல் வகுப்புக்கு வந்தவள், அண்ணா. என் பட்டமளிப்புப் போட்டோவைப் பார்த்து, “இந்தக் கருப்புக் கோட்ட எனக்கும் ஒரு நா குடுடி, போட்டுப் பாக்குறேன்” என்று கேட்டவள்.

அப்பா வண்டியைச் சரியாகப் பார்க்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் சாவியை வாங்கிக்கொண்டார்கள். குடித்திருந்தார் என்றுகூடச் சிலர் பேசுகிறார்கள். அவர் குடிக்கிறவரா?

வண்டியைப் பார்க்கக் கொடைக்கானலிலிருந்து சாகுல் ஹமீது பாய் வந்தார். பெட்ரோலில் தண்ணீர் என்றார், இல்லை. கார்புரேட்டரைக் கழற்றித் துடைத்தார், பிளக்குகளை மாற்றினார். குளிர்ந்த வண்டி நன்றாக ஓடியது, சூடேறியதும் பழையபடி அணைந்தது. “வெளிநாட்டுச் சாமான், இதுக்குள்ள என்னென்ன வச்சிருக்கானோ. வண்டியோட வந்த பொஸ்தகத்த வாசிச்சுச் சொல்லும்மா” என்று என்னை அழைத்தார். வாசிக்க வாசிக்க அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார்.

என்ஜின் விட்ட புகையில் கொஞ்சத்தை ஒரு வால்வு மறுபடியும் என்ஜினுக்கே அனுப்புமாம். அது ஒழுங்காக மூடித் திறக்கிறதா என்று பார்க்க அதன் தலையில் ஒரு சென்சார். கோளாறு வந்தால் டிரைவருக்கு முன்னால் சிவப்பாக ஒரு விளக்கு எரியும். வால்வைக் கழற்றினால் உள்ளே கரி அப்பிப் பாதி திறந்தபடியே இறுகியிருந்தது. தன் புகையைத் தானே குடித்துத்தான் என்ஜின் திணறியிருக்கிறது. பாய் பெட்ரோலில் ஊறப்போட்டுச் சுரண்டினார். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்துவிட்டது. அவ்வளவுதான் வேலை.

பிறகுதான் அவர் சென்சாரைத் தேடினார். அதை வெட்டி எடுத்துவிட்டு, கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி டேப் சுற்றியிருந்தது. “எந்த மகராசன் பாத்த சோலி இது? வெளக்க அவிக்கிறதுக்குக் கண்ணையே புடுங்கிருக்கான்” என்றார்.

“நாந்தான் பாய்” என்றார் அப்பா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். மஞ்சள் டேப், அண்ணா. இந்த மலையில் எந்தக் கடையிலும் மஞ்சளில் கிடைக்காது. மீதிச் சுருள் நம் வீட்டு ஜன்னல் கட்டையில் இன்னும் இருக்கிறது.

போன லீவில் நீங்கள் வந்திருந்தபோது நடந்தது எனக்கும் நினைவிருக்கிறது. “வண்டிக்குக் கண்ணு செவந்து கெடக்கு, நான் ஏற மாட்டேன்” என்று பெருமாயி அக்கா இறங்கி நடந்தாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் நோயாளிகளைக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தார்கள். அவர்களுடைய பயம் போகட்டும் என்றுதானே செய்தீர்கள். விளக்கு அணைந்ததும் ஊரே ஏறியது. வீரம்மாவும் தைரியமாகத்தான் ஏறினாள்.

அப்பா இப்போது தினமும் கிளாவரைக்கு நடந்துபோய் மாயாண்டியின் காட்டில் உருளைக்கிழங்கு தோண்டுகிறார். யாரும் கூப்பிடவில்லை. கூலி கிடையாது. முதல் நாள் மாயாண்டி, “சீமை வண்டி ஓட்டுன கை, கெழங்கு நோண்டத்தான் லாயக்கு” என்றானாம். அப்புறம் வா என்றும் சொல்வதில்லை, போ என்றும் சொல்வதில்லை. மண் படிந்த கையோடு திரும்பி வந்து, விளக்கு வைப்பதற்கு முன்பே படுத்துக்கொள்கிறார். அம்மா சோற்றை மூடி வைக்கிறாள், காலையில் அப்படியே எடுக்கிறாள்.

“தம்பிக்குத் தெரியப்படாது. அங்க தனியாக் கெடக்குற புள்ள” என்று அப்பா என் தலையில் கை வைத்து வாக்கு வாங்கியிருக்கிறார். நான் அதை மீறித்தான் எழுதுகிறேன். வேனுக்கு வேறு டிரைவர் வந்துவிட்டார். வால்வில் மறுபடியும் கரி பிடிக்குமாம், பிடித்தால் காட்டிக்கொடுக்க இன்னும் ஒன்றும் இல்லை. அதிலேதான் ஆட்கள் ஏறுகிறார்கள்.

அந்தச் சென்சார் உங்கள் ஊரில் கிடைக்கும் என்று பாய் சொல்கிறார். தபாலில் அனுப்ப வேண்டாம் அண்ணா. கையோடு கொண்டு வாருங்கள். மாயாண்டியின் காட்டில் இன்னும் பாதி தோண்டாமல் கிடக்கிறது. அப்பாவால் குனிய முடியவில்லை.

வழியெல்லாம் உங்களுக்குத் துணையிருக்க வேண்டும் என்று பூம்பாறை முருகனைக் கும்பிட்டுக்கொள்ளும்,

தங்கை
சுந்தரி