ஏற்றிக் கட்டாமலே எடுக்கிறது, அக்கா

என் ஸ்டெல்லா அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டிவிடாதே. நீ யாரிடம் கொண்டுபோய்க் காட்டப்போகிறாய், தெரியும். ஆனாலும் சொல்லிவைக்கிறேன். வேறு யார் கையிலாவது இது கிடைத்தால் அவர்களையும் கெஞ்சிக் கேட்கிறேன். அப்பா கண்ணில் மட்டும் படவிடாதீர்கள்.

அம்மா தூங்கிவிட்டாள். நான் உள் அறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நான்கு நாளாகச் சரியான தூக்கம் இல்லை. வகுப்பில் உட்கார்ந்தபடியே கண் சொருகுகிறது. பிளஸ் ஒன் பாடம் ஒன்றும் மண்டையில் ஏறவில்லை.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. மாடிக் கதவுக்கு அப்பா போட்ட பூட்டு அப்படியே இருக்கிறது. துணியைச் சந்தில்தான் காயப்போடுகிறோம். உன் சோல்டரிங் அயர்னை அம்மா யாருக்கோ கொடுத்துவிட்டாள். நான் பிளக் பாயிண்ட் பக்கம் போனாலே அவளுக்கு முகம் மாறிவிடுகிறது. மண்டியில் மல்லாட்டைக் கடலை சீசன் ஆரம்பித்துவிட்டது. அப்பா தலையெல்லாம் தூசியோடு வந்து சுவரில் சாய்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டாலும் எழுந்திருப்பதில்லை.

துக்கம் கேட்க வந்த எல்லாரிடமும் அவர் சொன்னது ஒன்றேதான். "நான்தாங்க சொன்னேன். பாண்டிச்சேரி ரேடியோ சரியா எடுக்கல, ஏரியல் கம்பிய கொஞ்சம் ஏத்திக் கட்டி பாரும்மான்னு நான்தாங்க சொன்னேன்." நம் தெருவில் எது சரியாக எடுக்காவிட்டாலும் அதுதானே வைத்தியம். டிவியானாலும் ரேடியோவானாலும் ஏற்றிக் கட்டு. நீயும் ஏரியல் கட்டிய இரும்புக் குழாயோடு மாடிக்குப் போனாய். காற்றில் குழாய் கரண்டு கம்பிமேல் சாய்ந்தது.

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் அப்பாவே கேட்டார். "அந்த ரேடியோவ எங்க வெச்ச?" அம்மா பரணிலிருந்து எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள். அவர் முள்ளை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நகர்த்தினார். எங்கே வைத்தாலும் பைபாஸ் பக்கத்துக் கல்லூரி வானொலிதான் கத்தியது. அதற்கு அடியில் பாண்டிச்சேரி இருக்கிறதா என்றே தெரியவில்லை. "அவ போயும் எடுக்கல பாரு" என்று சொல்லி அணைத்துவிட்டார். அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

புதன்கிழமை அறிவியல் கண்காட்சிக்காக விழுப்புரம் கூட்டிப்போனார்கள். மிஸ்ஸிடம் தண்ணீர் பாட்டில் வாங்கிவருகிறேன் என்று சொல்லிவிட்டு, ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த ரேடியோ ரிப்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் தலை நிமிராமலே கேட்டார்.

"இன்னாமா, ஸ்கூல் பிராஜக்டா?"

"இல்லீங்க. எங்க ஊர்ல ஒரே ஸ்டேஷன் எல்லா எடத்துலயும் வருது. ஏரியல இன்னும் ஏத்தினா சரியாகுமா?"

"ஏத்த ஏத்த அதுவும் சேந்து ஏறும்மா. பக்கத்துலயே கத்திக்கினு இருக்கறவன தாண்டி தூரத்துல பேசறவன் கொரல் எப்டி கேக்கும்? அவன மட்டும் புடிச்சி கீழ எறக்கி உட்டுடணும். கம்பி சுத்துன ஒரு காயில், திருகி அளவு வெக்க ஒரு டிரிம்மர். அஞ்சு நிமிஷ வேல." ரெண்டையும் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். "இதுக்காம்மா இவ்ளோ தூரம் வந்த? மூஞ்சி ஏன் இப்டி ஆயிடுச்சி?"

காசைக் கொடுத்துவிட்டு ஓடிவந்தேன், அக்கா.

வீட்டுக்கு வந்து உன் பாலிடெக்னிக் நோட்டைத் தேடி எடுத்தேன். அதில் இருக்கிறது. ஏரியலிலிருந்து காயில், காயிலிலிருந்து டிரிம்மர், அங்கிருந்து பேட்டரியின் மைனஸ். உன் கையால் ஸ்கேல் வைத்துப் போட்ட படம். ஓரத்தில் உங்கள் சார் போட்ட டிக். அப்படியானால் உனக்குத் தெரியும். தெரிந்தும் ஏன் மேலே ஏறினாய்? அப்பா ஆசையாகச் சொன்னாரே, அவரிடம் போய் அது வேலைக்கு ஆகாது என்று எப்படிச் சொல்வது என்றா?

கரண்டைத் தொடவில்லை, பயப்படாதே. கம்பிகளை முறுக்கி டேப் சுற்றினேன். பேட்டரியில்தான் ஓடுகிறது. டிரிம்மரை ஸ்க்ரூ டிரைவரால் திருப்பினால் கல்லூரி வானொலி சுத்தமாக அடங்குகிறது. கையை எடுத்ததும் திரும்ப வந்துவிடுகிறது. மூன்று நாள் இதே பேஜாரு. இரும்பு கிட்டே இருக்கும்போது ஒரு அளவு, விலகினால் வேறு அளவு. உன் நோட்டில் அதையும் ஒரு மூலையில் எழுதியிருந்தாய், நான்தான் கவனிக்கவில்லை. இன்றைக்குத் துடைப்பக் குச்சி நுனியைத் தட்டையாகச் சீவிக்கொண்டு திருப்பினேன். நின்றுவிட்டது.

பாண்டிச்சேரி வந்தது. பழைய பாட்டு, ஒரு பெண் குரல், பக்கத்து அறையில் பாடுகிற மாதிரி. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. டிரிம்மர் என் சுண்டு விரல் நகம் அளவுதான் இருக்கிறது.

இதை அப்பாவிடம் கொடுத்தால் எப்படிச் சரியானது என்று கேட்பார். காட்டினால், இவ்வளவுதானா என்பார். அதற்குப் பிறகு அவர் எப்படித் தூங்குவார்? கொடுக்காமல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை அவர் சொன்ன 'அவ போயும் எடுக்கல'தான் கடைசி வார்த்தையாக நிற்கும். நீ எதற்காக ஏறினாயோ அது அவருக்குக் கிடைக்காமலே போகும். இரண்டில் எது பாவம் என்று எனக்குப் புரியவில்லை. பாவசங்கீர்த்தனத்தில் இதை ஃபாதரிடம் சொல்லவும் பயமாக இருக்கிறது.

யோசித்து யோசித்துக் களைத்துவிட்டேன். ஆகவே பொய் சொல்லப்போகிறேன். காயிலைப் பெட்டிக்குள் அடக்கி, பின்மூடியைத் திருகிவிடுவேன். கல்லூரிக்காரர்கள் பவரைக் குறைத்துவிட்டார்களாம் என்பேன். அப்பா தினமும் பாட்டுக் கேட்பார். உன் நோட்டை என் புத்தகங்களுக்கு அடியில் வைத்துக்கொள்வேன். அவர் இருக்கும்வரை அந்தப் படத்தை அவருக்குக் காட்ட மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் கூடப்பிறந்தவள்,
லில்லி

அக்கா, கதவைத் தட்டுகிறார்கள். டிரிம்மர் நகராமல் நிற்கிறதா என்று பார்க்க ரேடியோவை மெதுவாக ஓடவிட்டிருந்தேன். இயர்போன் மாட்டினால் அந்த வயரும் ஏரியல் மாதிரி இழுத்துக் கணக்கைக் கெடுக்கிறது என்றுதான் மாட்டவில்லை. அப்பா குரல்.

"பாப்பா, பாண்டிச்சேரியாம்மா அது?"

மூடி கழற்றியே கிடக்கிறது. காயில் வெளியே தொங்குகிறது. உள்ளே தள்ளினால் அறுந்துவிடும்.

"நிறுத்தாத, ஓடட்டும். கதவ தொற. எப்டி எடுக்குதுன்னு காட்டு."