ஐந்து நோட்டுகளும் ஒரு மாத்திரையும்

அனுப்புநர்:
தங்கள் மருத்துவமனையில் பதினொரு நாள் படுத்திருந்த பெண்மணியின் அண்ணன்,
தையற்காரர்,
மருத்துவமனைப் பின்வாசலுக்கு எதிர்க்கடை.

பெறுநர்:
தலைமை மருத்துவர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: மூட்டுவலி அறையின் பச்சை நோட்டில் ஒரு மாத்திரையின் பெயரைத் திங்கட்கிழமைக்குள் அடித்துத் தரக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தங்கள் மருத்துவர்களின் வெள்ளை அங்கிகளில் பாதிக்குப் பொத்தான் தைத்தவன் நான். இதை அந்நியன் மனுவாகக் கருத வேண்டாம். என் தங்கைக்குச் சர்க்கரை, இரத்த அழுத்தம், பலவீனமான இதயம், மூட்டுவலி என நால்வகைச் சேனை. அவள் ஒரு நாளில் விழுங்கும் மாத்திரைகளை வரிசையாக வைத்தால் தங்கள் மதிற்சுவரை இருமுறை சுற்றிவந்து, மீதியை இரண்டு சட்டைக்குப் பொத்தானாக வைக்கலாம்.

2. இங்கே மருந்து எழுத அறைக்கொரு நிற நோட்டு. ஒருமுறை இதய அறையில் தவறிப்போய்ப் பச்சை நோட்டை நீட்டியவளிடம், "இது எங்க நோட்டு இல்லம்மா, அவங்ககிட்டயே காட்டுங்க" என்றார் செவிலியர். தங்கை முகம் சுருங்கி வந்தாள். பொறுப்பேனா? அன்றே ஒரு பை தைத்தேன். உள்ளே நான்கு தடுப்பு, நான்கு நிறம், ஒவ்வொன்றுக்கும் மூடி, பொத்தான். ஒரு நோட்டு மற்றதை எட்டிப் பார்த்து நலம் விசாரிக்கக்கூட வழியில்லை. அரண்மனைத் தையற்காரனும் இப்படித் தைத்ததில்லை என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டேன். அதன்பின் பச்சை நோட்டு வேறெந்த அறையின் கண்ணிலும் படவில்லை.

3. சென்ற மாதம் அவளுக்கு மூன்று நாள் வாந்தி, வயிற்றுப்போக்கு. குடித்த தண்ணீரும் தங்கவில்லை. ஆயினும் நீர் பிரிய வைக்கும் மாத்திரை, அழுத்த மாத்திரை, வலி மாத்திரை என எதையும் அவள் விடவில்லை. "எழுதிக் குடுத்தத விடக்கூடாதுண்ணா" என்றாள். தம்ளரை நீட்டியவன் நான்தான். நான்காம் நாள் சிறுநீர் நின்றது. என்னைப் பார்த்து, யார் என்று கேட்டாள்.

4. இங்கே சேர்த்த அன்று சிறுநீரக மருத்துவர் நான்கு நோட்டுகளையும் கட்டிலில் அருகருகே விரித்தார். சர்க்கரையும் அழுத்தமும் பல வருடமாகச் சிறுநீரகத்தை அரித்திருந்தன. பலவீனமான இதயம் அதற்கு இரத்தத்தைக் குறைவாகவே அனுப்பியது. உடம்பு வறண்ட நேரத்தில் இந்த மாத்திரைகளும் சேர்ந்து அதைச் சாய்த்துவிட்டன என்றார். "தனித்தனியா யாரும் தப்பா எழுதல. எல்லாத்தையும் ஒண்ணா வச்சு யாரும் பாக்கலையே." பக்கத்தில் நின்ற தங்கை மகள் பையைத் தூக்கிக் காட்டி, "மாமா, நீங்க தைச்சது பையா, மதில் சுவரா?" என்றாள். ஐயா, நான் பையை வாங்கி நான்கு மூடிகளின் பொத்தானையும் கழற்றி வைத்தேன்.

5. மூன்று முறை டயாலிசிஸ் செய்தபின் சிறுநீர் பிரிந்தது. அந்த அரைக் குவளையைக் கண்டு நான் மகிழ்ந்ததுபோல ஏழு கடலை வென்ற மன்னனும் மகிழ்ந்திருக்க மாட்டான். சிறுநீரகம் பாதிக்கு மேல் தேறியிருக்கிறது. இன்னொரு அடியைத் தாங்காதாம். வலி மாத்திரை கூடாது என்று மருத்துவர் எழுதிவிட்டார். ஆனால் எழுதியது ஐந்தாவதாக ஒரு வெள்ளை நோட்டில். பச்சை நோட்டில் அது அப்படியே இருக்கிறது. வேறு பிரிவு சொன்னதற்காகத் தன் நோட்டில் அடிக்க முடியாது என்கிறது மூட்டு அறை. திங்கட்கிழமை அவள் அங்கே மாத்திரை வாங்கும் நாள். நான் எவ்வளவு சொன்னாலும் எழுத்தைத்தான் நம்புவாள். என் வாயை அறுபது வருடமாக அறிந்தவள், குறை சொல்வதற்கில்லை.

6. ஆகவே அந்த ஒரு வரியை அடித்துத் தாங்களே கையெழுத்திட வேண்டுகிறேன். பல நோய் உள்ளவர்களுக்கு ஒரே நோட்டு தந்து, வாந்தியோ வயிற்றுப்போக்கோ வந்தால் எந்த மாத்திரையை நிறுத்தலாம் என்று உடனே வந்து கேட்கும்படி முதல் பக்கத்தில் எழுதவும் ஆவன செய்ய வேண்டும். என் பங்குக்குப் பையின் தடுப்புகளைப் பிரித்துவிட்டேன். என் தையலைப் பிரிக்க அரை நாள் ஆயிற்று. தங்களுக்கு ஒரு கோடு போதும்.

நாள்: வெள்ளிக்கிழமை
இடம்: தங்கள் பின்வாசலுக்கு எதிரே

பணிவுடன்,
(கையொப்பம்)
நோயாளியின் அண்ணன்

இணைப்பு: பச்சை நோட்டு. ஏழாம் பக்கத்தில் சிவப்பு நூல் வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை காலையில் அவள் இதைத் தேடுவாள்.