என் கழுத்தும் நித்யாவின் கழுத்தும்

மார்ச் 4, செவ்வாய்
காலையிலேயே வெயில் சுள்ளென்று. புற்று என்று தைராய்டை எடுத்தாயிற்று. ஒட்டியிருக்கும் மிச்சத்தைக் கருக்கக் கதிரியக்க அயோடின் மருந்து தரப் போகிறார்கள். அதற்காகத் தைராய்டு மாத்திரையை நிறுத்தியதில் கை கால் எல்லாம் ஈரச் சாக்கு. மருந்து பிடிக்கச் சாப்பாட்டில் அயோடின் இருக்கக் கூடாதாம்: அயோடின் உப்பு கூடாது, பால் கூடாது, முட்டை கூடாது. கோழிப்பண்ணைக்காரர் பெண்டாட்டிக்கு முட்டை கூடாது!

சமையல் மகள் நித்யா. ரசம் வெறும் புளித்தண்ணீர். குடித்து வைத்தேன்.

மார்ச் 5, புதன்
சேலம் ஆஸ்பத்திரி. நல்ல கூட்டம். ஆராய்ச்சிக்கு என்று ஒரு பெண் ரத்தம் கேட்டாள். உடம்பில் சேரும் கசடைக் கழுவ எல்லோருக்கும் சில நொதிகள் உண்டாம், ஆன்டிஆக்சிடன்ட் வகை. அதற்கான மரபணு சிலருக்குக் கொஞ்சம் மாறி இருக்குமாம். அவர்களுக்குத் தைராய்டுப் புற்று அதிகம் வருகிறதா என்று பார்க்கிறார்களாம்.

"எம்பொண்ணுக்கும் அது இருக்குமுங்களா?"

"இருக்கலாம், இல்லாமலும் போகலாம்மா. இருந்தாலும் நோய் வரும்னு அர்த்தம் இல்லை. இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியாது."

தனித்தனியாக ரிப்போர்ட் தரமாட்டார்களாம். கொடுத்தேன்.

திரும்பும்போது புதுச்சத்திரத்தில் இவர், "அந்தப் புள்ள சொன்ன ஆன்டிஆக்சிடன்ட் கொறஞ்சாத்தான் இது வருமா?"

எனக்கென்ன தெரியும் என்றேன். எரிச்சல்.

மார்ச் 7, வெள்ளி
தூக்கம். எழுந்தால் மறுபடி தூக்கம். கேஸ் சிலிண்டர் பதிய மறந்தேன்.

நித்யா தலை பின்னும்போது அவள் கழுத்தையே பார்த்தேன். கட்டி ஏதும் ஏறி இறங்குகிறதா என்று எச்சில் விழுங்கச் சொன்னேன்.

"என்னம்மா, என்னையக் கோழியாட்டம் புடிச்சுப் பாக்கற?"

மூக்கும் முழியும் என்னைக் கொண்டவள். இதையும் கொடுத்துவிட்டேனோ? பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 9, ஞாயிறு
காலையில் அடுப்படியில் இவர். பொங்கலுக்குக்கூட எட்டிப் பார்க்காத மனிதர். கையில் பண்ணைப் பாட்டில். வெயிலுக்குக் கோழித் தண்ணீரில் கலக்கும் செலினியமும் வைட்டமின் ஈயும். ஆன்டிஆக்சிடன்ட் என்று அதில் போட்டிருக்கிறதாம். டம்ளரில் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"யாருக்குங்க அது?"

"நித்யாளுக்குத்தான். இப்ப இல்ல புள்ள. ரெண்டு நாளா நாந்தான் குடிச்சுப் பாக்கறேன். எனக்கு ஒண்ணும் ஆவலீன்னா அவளுக்குக் குடுக்கலாமுன்னு."

அறிவு கெட்ட மனுஷன். கத்தினேன், பாதி குரல்தான் வந்தது. பாட்டிலைப் பிடுங்கி டாக்டருக்குப் போன். கோழி மருந்தை மனிதன் குடிப்பதா என்று அவரும் கத்தினார். நாளைக்கே வர வேண்டுமாம். நித்யாவுக்குக் கழுத்து ஸ்கேன் பார்த்துவிடலாம், ஆனால் முதலில் இவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

போனை வைத்ததும் இவர், "புள்ளைக்கு வேற என்ன குடுக்கலாமுன்னு கேட்டியா?"