முதுகுப்பக்கத்து அறை

ஆவணி, ஞாயிறு.

பாண்டியிலிருந்து எல்லை தாண்டிக் கல்யாணப் படம் எடுக்கப் போகும்போதெல்லாம் செக்போஸ்ட்டில் பாண்டிச் சரக்கு இருக்கிறதா என்று என் கேமரா பையைக் கிளறுவார்கள். போன முறை பழைய பையிலிருந்து லென்ஸ் ஒன்று தார்ரோட்டில் உருண்டது. அதனால் புதுப் பை வாங்கும்போது ஒன்றே ஒன்றைத்தான் பார்த்தேன். ஜிப்பை இழுத்தால் புத்தகம் மாதிரி விரிய வேண்டும். மற்ற நாட்களில் சாப்பாட்டு டப்பாவும் குடையும் அதிலேயே போகும்.

இன்று காலை மறுபடியும் அதே செக்போஸ்ட். முகூர்த்தத்துக்கு நேரமாகிவிட்டது.

“பையில இன்னா?” என்றார் போலீஸ்காரர்.

வண்டியில் உட்கார்ந்தபடியே விரித்துக் காட்டினேன். கேமரா, லென்ஸ், பிளாஷ் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன.

“சரி, போம்மா.”

வண்டி ஓட்டிய என் வீட்டுக்காரருக்கு முகமெல்லாம் வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். தாலி கட்டுவதற்குள் போய்விட்டோம். ஒரு படம்கூடத் தவறவில்லை.

இப்போது துடைத்து வைக்கலாம் என்று எல்லா ஜிப்பையும் திறந்து பையைக் கவிழ்த்தால், முதுகுப்பக்கத்து அறையிலிருந்து ஒரு குவார்ட்டர் பாட்டில் விழுகிறது.

“மாப்பிள்ளயோட மாமா கேட்டாருடி. கூட்டத்துல குடுக்க முடியல” என்கிறார் இவர்.

“அந்த ஜிப்ப போலீஸ்காரரு இழுத்திருந்தா கேமராவும் சேந்து ஸ்டேஷனுக்குப் போயிருக்கும்யா!”

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது நினைத்தாலும் பயமாக இருக்கிறது. சிரிப்பும் வருகிறது. பை நல்ல பைதான். அந்த ஒரு அறையை மட்டும் நாளைக்குத் தைத்து மூடிவிட வேண்டும்.